உப்பு வெளியேறும் வழி



அழைப்பிதழில் ‘உப்புச் சமநிலை’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்ததும் பலர் பி.பி. மாத்திரையைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அதை உங்கள் டாக்டர் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார், நீங்களும் கேட்காமல்தான் இருக்கிறீர்கள். நான் பேச வந்தது வேறு. தண்ணீரில் உப்பைச் சேர்ப்பதற்கு யாரும் பாடுபட வேண்டியதில்லை. சேர்ந்த உப்பை வெளியே எடுப்பதற்குத்தான் இயற்கையும் மனிதனும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள், கொடுக்காமல் விட்டால் என்ன ஆகிறது, இவ்வளவுதான் இன்றைய பேச்சு.

முதலில் கொஞ்சம் வேதியியல். ஒரு சிட்டிகை உப்பைச் செம்புத் தண்ணீரில் போட்டால் தானாகக் கரைகிறது. கலக்காவிட்டாலும் நாளாவட்டத்தில் செம்பு முழுக்கப் பரவிவிடும். ஆனால் அது தானாக மறுபடி ஒரு மூலைக்கு வந்து சேர்ந்ததாக வரலாறு கிடையாது. ஊடுபரவல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீர், அந்தப் பக்கம் உப்புத் தண்ணீர் என்றால், நல்ல தண்ணீர் உப்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டத்தை நிறுத்த எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதற்குக் கணக்குக் கொடுத்தவர் வாண்ட் ஹாஃப். 1901-இல் வேதியியலுக்கு முதல் நோபல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. அவருடைய கணக்கைக் கடல்நீருக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 27 வளிமண்டல அழுத்தம் வருகிறது. தண்ணீரை ஏறக்குறைய 270 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்துகிற அழுத்தம் இது. இந்த மண்டபத்தை விட்டு வெளியே போனால் தெரிகிற நம் திருச்சி மலைக்கோட்டையை மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த உயரம் வராது.

சென்னையை அடுத்து மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே பம்புகள் இந்த அழுத்தத்தை முறியடித்துத் தண்ணீரைச் சவ்வு வழியே தள்ள வேண்டும். உண்மையில் 27 போதாது, இரண்டு மடங்குக்கும் மேலே கொடுக்கிறார்கள். உள்ளே வந்த தண்ணீரில் பாதியைக் குடிநீராக எடுத்துக்கொண்டால், மிச்சப் பாதியில் உப்பு இரட்டிப்பாகிவிடுகிறது அல்லவா? ஆயிரம் லிட்டர் குடிநீருக்கு 3, 4 யூனிட் மின்சாரம் ஆகிறது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இயந்திரம் செய்தாலும் சுமார் 1 யூனிட்டுக்குக் கீழே இறங்க இயற்கை விதி விடாது. இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். சாக்கடைக் கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன. சோடியத்தையும் குளோரைடையும் தின்று தீர்க்க எந்த நுண்ணுயிரும் இல்லை. அவற்றை இடம் மாற்றலாம். இல்லாமல் ஆக்க முடியாது.

கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறுகள் ஆண்டுதோறும் பாறைகளைக் கரைத்துக் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. 1899-இல் ஜான் ஜோலி என்ற அயர்லாந்து அறிஞர் ஒரு கணக்குப் போட்டார். கடலில் உள்ள மொத்தச் சோடியத்தை ஆறுகள் ஓராண்டில் கொண்டு வரும் சோடியத்தால் வகுத்தால் கடலின் வயது கிடைக்கும் என்றார். ஒன்பது கோடி ஆண்டு என்ற அளவில் விடை வந்தது. பூமியின் வயதோ 450 கோடி ஆண்டுக்கு மேல். வகுத்தல் சரிதான்; வரவை மட்டும் எழுதினார், செலவை எழுதவில்லை. கடலும் உப்பை இழக்கிறது. கடலடிக் களிமண் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது, அலைத் தூவானம் கொஞ்சத்தைக் கரைக்குக் கொண்டுபோகிறது, எப்போதாவது ஒரு கடல் துண்டுபட்டு வற்றினால் பெருஞ்செலவு நடக்கிறது. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடலுக்கு அட்லாண்டிக்கிலிருந்து நீர் வரும் வாசல் அடைபட்டது. அப்போது படிந்த உப்பு இன்றும் அதன் அடியில் சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான கனத்தில் கிடக்கிறது.

சரி, உடம்புக்கு வருவோம். நம் இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். ஊறுகாய் தின்ற நாளிலும் உண்ணாவிரத நாளிலும் அந்த எல்லைக்குள்தான். இதைக் காப்பது சிறுநீரகம். அது ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கிறது. அதில் எவ்வளவு உப்பு இருக்கும்? பெருக்கிப் பாருங்கள்: கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. அதில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு, நாம் சாப்பிட்ட அளவை, அதாவது பத்துக் கிராமோ எட்டுக் கிராமோ, அதை மட்டும் வெளியே விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 5 கிராமுக்குள் சாப்பிடச் சொல்கிறது. நாம் ஏறக்குறைய இரண்டு மடங்கு சாப்பிடுகிறோம். சிறுநீரகம் முணுமுணுக்காமல் செய்கிற இந்த வேலைக்கு விலை உண்டு. பலருக்கு அந்த விலை இரத்த அழுத்தமாக வருகிறது. பி.பி.யைப் பற்றி இவ்வளவுதான், இனிப் பயப்படாமல் கேளுங்கள்.

சிறுநீரகத்தில் மட்டும் இந்த வேலை நடக்கவில்லை. ஒவ்வொரு செல்லும் நாள் முழுக்கச் சோடியத்தை வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் அந்த இறைப்பானை 1957-இல் அடையாளம் காட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கௌ. நண்டுக்காலின் நரம்பை அரைத்து ஆராய்ந்து கண்டுபிடித்தார். நோபல் பரிசு வர 40 வருஷம் ஆயிற்று, 1997-இல்தான் கொடுத்தார்கள். நீங்கள் சும்மா உட்கார்ந்து என் பேச்சைக் கேட்கும் இந்த நேரத்தில் உங்கள் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த இறைப்புக்கே போகிறது. இறைப்பு நின்றால் சோடியம் உள்ளே புகும், பின்னாலேயே தண்ணீர் வரும், செல் ஊதி வெடிக்கும்.

வழி அடைபட்டால் ஒரு கேடு என்றால், வழி உடைத்துக்கொண்டால் இன்னொரு கேடு. காலராவில் அதுதான் நடக்கிறது. குடல் உப்பையும் தண்ணீரையும் கொட்டித் தீர்க்கிறது. சில மணி நேரத்தில் ஆள் வற்றிப்போகிறான். வாய்வழியே உப்புத் தண்ணீர் கொடுத்தால் குடல் வாங்குவதில்லை. ஆனால் 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற அறிஞர் ஒன்றைச் சொன்னார்: குளுக்கோஸ் குடல் செல்லுக்குள் போகும்போது சோடியத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போகிறது. காலரா இந்தக் கதவை மட்டும் சாத்துவதில்லை. டாக்காவிலும் கல்கத்தாவிலும் மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். ஆனாலும் மருத்துவ உலகம் நம்பத் தயங்கியது. சர்க்கரையும் உப்பும் கரைத்துக் குடிப்பது பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கிறதே!

1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வெள்ளமாக வந்தார்கள். எல்லையில் பன்கான் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. திலீப் மஹலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், சாதாரண உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்று கலந்து, பீப்பாய்களில் ஊற்றிக் குழாய் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே பிடித்துக் கொடுக்கச் சொன்னார். முகாமில் நூற்றுக்கு முப்பது வரை போயிருந்த சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே வந்தது. இன்றைய பொட்டலத்தில் அளவுகள் மாறியிருக்கின்றன. 2002 முதல் உப்பும் சர்க்கரையும் குறைந்த கலவைதான் பரிந்துரை. பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது, குழந்தைக்குக் கெடுதல். இந்த மனிதர் 2022-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் கொடுத்தோம். ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. பரவாயில்லை, நண்டுக்காரரும் காத்திருந்தார்.

உப்பு என்றதும் சோடியத்தை மட்டும் நினைப்பதும் சரியில்லை. 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்துப் பார்த்தார். ஒரு கட்டத்தில் நெடுநேரம் நன்றாகத் துடித்தது. பிறகு காரணம் தெரிந்தது: அந்தக் கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்காமல் குழாய்த் தண்ணீரில் கலந்திருந்தார்கள். லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு, அதாவது கால்சியம், இருந்தது. சோடியம் மட்டும் இருந்தபோது இதயம் சோர்ந்தது. கூடக் கொஞ்சம் கால்சியம் சேர்ந்ததும் துடித்தது.

இந்தச் சோடியம் கால்சியம் விவகாரம் அப்படியே நம் வயலிலும் நடக்கிறது. திருச்சிக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரியே களர் நிலத்தில்தான் நிற்கிறது. அங்கே உருவான திருச்சி 1 நெல் ரகம் களரைத் தாங்குவதற்கென்றே வந்தது. உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. உவரில் கரையும் உப்பு அதிகம். நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் இறங்கிவிடும். களரில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. களித்துகள்களுக்கு எதிர்மின்சுமை. கால்சியத்துக்கு இரட்டை நேர்மின்சுமை. துகள்களை நெருக்கிப் பிடித்துக் கட்டி கட்டியாக வைத்திருக்கும், நடுவே தண்ணீர் இறங்க இடம் இருக்கும். சோடியத்துக்கு ஒற்றைச் சுமை, தன்னைச் சுற்றித் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளும். அது வந்து உட்கார்ந்தால் துகள்கள் பிரிந்து கரைந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும். பெய்த மழை மேலேயே நிற்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதாவது உப்பு தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. வெறும் தண்ணீர் விட்டுப் பயனில்லை. ஜிப்சம் போட்டுக் கால்சியத்தைக் கொடுத்து, சோடியத்தைக் கழற்றி, அதன் பிறகு தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போட்டால் காசுதான் கரையும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் இந்த வேலையில் பாதி.

ஒரு சின்னக் கணக்கு. நல்ல பாசனத் தண்ணீரிலும் லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவே தோதான தண்ணீர்தான். ஒரு போகத்துக்கு ஒரு மீட்டர் உயரம் தண்ணீர் கட்டினால் ஏக்கருக்கு 1.2 டன் உப்பு வயலுக்குள் வருகிறது. தண்ணீர் ஆவியாகும், பயிர் வழியாகவும் போகும். உப்பில் மிகச் சொற்பமே நெல்லோடு போகிறது. போர் தண்ணீரில் 1,500 மில்லிகிராம் என்றால் 6 டன். வாய்க்காலுக்குச் செலவழிக்கிற நாம் வடிகாலை ஏன் மறந்துபோகிறோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. வாய்க்கால் திறப்புக்கு மாலை மரியாதை உண்டு. வடிகால் தூர் வாரியதற்கு யாராவது பொன்னாடை போர்த்திப் பார்த்திருக்கிறீர்களா? எகிப்தில் நைல் வெள்ளம் ஆண்டுதோறும் வயலைக் கழுவிவிட்டுப் போனது. அஸ்வான் பேரணை 1970-இல் முடிந்து வெள்ளம் நின்ற பிறகு, மண்ணுக்கடியில் வடிகால் குழாய் பதிப்பது அந்த நாட்டுக்குப் பெருஞ்செலவாயிற்று.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்து வயல்களில் கடலையே கொண்டுவந்து கவிழ்த்தது. இனி ஒரு தலைமுறைக்கு அங்கே எதுவும் விளையாது என்று பேசினார்கள். 2005-இல் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. மணற்பாங்கான, வடிகிற நிலங்களில் பெரும்பாலானவை ஓரிரு போகத்திலேயே மீண்டன. சேறு படிந்து நீர் தேங்கிய நிலங்களுக்குத்தான் நாளாயிற்று. வந்த உப்பின் அளவைவிட, போக வழி இருந்ததா என்பதே விளைச்சலைத் தீர்மானித்தது.

இதே நாடகம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இன்னும் தெளிவாகத் தெரியும். சுரபுன்னை வேரிலேயே உப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். வெண்கண்டல் உள்ளே வந்த உப்பை இலை வழியாகக் கக்கும். இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். கடற்காகத்துக்குக் கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி இருப்பதுபோல, இவை உப்போடு வாழப் பழகிய மரங்கள். அப்படியிருந்தும் பிச்சாவரத்தில் காட்டின் நடுநடுவே மொட்டைத் திட்டுகள் விழுந்தன. பக்கத்துக் கிராமத்து மக்கள் விறகு வெட்டியதும் ஆடுமாடு மேய்த்ததுமே காரணம் என்றுதான் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தபோது வேறு கதை வந்தது. முற்காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டும் முறை இருந்தது. நிழல் போனதும் வெயிலில் மண் காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் திரும்பிப் போக முடியாமல் பள்ளத்தில் தங்கியது. தங்கியது ஆவியானது, அடுத்த ஓதம் இன்னும் உப்பைக் கொண்டுவந்தது. கடலில் வாழும் மரமே தாங்காத அளவுக்கு உப்பு ஏறிவிட்டது. 1990-களில் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஓதநீர் வந்து திரும்பிப் போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது, நட்ட கன்றுகள் பிழைத்தன. இன்று படகில் போகிறவர்கள் பார்த்து வியக்கும் பசுமையில் அந்த வாய்க்கால்களின் பங்கு உண்டு. கடல்நீரை விட்டே உப்பைக் கழுவியிருக்கிறார்கள்!

இனி நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் உப்புக்கு என்ன வேலை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பருத்தித் துணி தண்ணீரில் நனைந்தால் அதன் மேல் எதிர்மின்சுமை. சாயத்துக்கும் எதிர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்புப் போட்டால் சோடியம் நடுவே வந்து அந்தப் பகையை அடக்கும். சாயம் துணியை நெருங்கும். பிறகு சோடாவைப் போட்டால் பிடித்துக்கொள்ளும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் கூடப் போடுவார்கள். கடல்நீரைப்போல் இரண்டு மடங்கு. இதில் ஒரு சிட்டிகை உப்புகூடத் துணியோடு ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போவதில்லை. பனியன் கப்பலேறும், உப்பு இங்கேயே இறங்கும்.

முதலில் போட்ட சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்தன. தண்ணீர் தெளிவாக இருந்தது. தெளிவாக இருந்ததே ஒரு வகையில் ஏமாற்று. உப்பு அப்படியே இருந்தது. ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை 1992-இல் முடிந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயத்தண்ணித் தொட்டி ஆயிற்று. அணைக்குக் கீழே உள்ள விவசாயிகள், தண்ணீர் வேண்டாம், திறக்காதீர்கள் என்று போராடினார்கள். பாசன அணையைத் திறக்கக் கூடாது என்று விவசாயி கேட்டது நம் நாட்டு நீர்ப்பாசன வரலாற்றில் விசித்திரமான அத்தியாயம். கிணறுகள் கரித்தன; திறந்துவிட்டபோது காவிரியில் கலந்து இந்த ஊர் வழியாகவும்தான் கடைசியில் கடலுக்குப் போயிருக்கும். ஒரு சொட்டும் ஆற்றில் விடக் கூடாது என்ற உத்தரவு மீறப்பட்டதால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். அந்தப் பாட்டையும் மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

பிறகு திறந்தார்கள், நிபந்தனையோடு. இப்போது கழிவுநீரைச் சவ்வில் வடித்து நல்ல தண்ணீரை மறுபடி சாயத்துக்கே எடுக்கிறார்கள். மிச்சத்தைக் கொதிகலனில் வற்ற வைக்கிறார்கள். சோடியம் சல்பேட்டுக்கு ஒரு குணம் உண்டு: 32 டிகிரிக்குக் கீழே குளிரக் குளிர அதன் கரைதிறன் மளமளவென்று இறங்கும், சாதாரண உப்புக்கு அப்படி இறங்காது. அதனால் குளிரூட்டிச் சல்பேட்டைப் படிகமாகப் பிரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் செய்கிற வேலையும் இதே வகைதான். அங்கே முதலில் ஜிப்சம் இறங்கும், அடர்த்தி 25 டிகிரி போமே வந்ததும் உப்பு விளையும், மக்னீசியம் சேர்ந்த கசப்புத் தண்ணீரைக் கடைசியில் வெளியே விட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றாக இறங்குவதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. திருப்பூரிலோ கடைசியில் மிஞ்சுவது எல்லாம் கலந்த ஒரு கூட்டு உப்பு. சாயத்துக்கும் ஆகாது, வேறு யாரும் வாங்கவும் மாட்டார்கள். மழை படாத கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். இது ஆற்றில் போவதைவிட ஆயிரம் மடங்கு மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கொட்டகையைக் கடைசி வாசல் என்று நினைத்துவிடக் கூடாது. உப்பே குறைவாகக் கேட்கும் சாயங்கள் வருகின்றன. பனியனை வாங்குகிறவர் அதற்கு ரெண்டு காசு கூடக் கொடுக்கச் சம்மதித்தால் வேகமாக வரும்.

மேடையேறும் முன் கூட்டத் தலைவர் ஒரு கேள்வி கேட்டார்: வீட்டு ஆர்.ஓ. மிஷினிலிருந்து குழாய் வழியாக வெளியே ஓடுகிற தண்ணீரை என்ன செய்வது? ஒரு டம்ளர் குடிநீருக்கு இரண்டு, மூன்று டம்ளர் அப்படி ஓடுகிறது. பார்க்கவே வயிற்றெரிச்சல்தான். உங்கள் போர் தண்ணீரின் உப்பில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரில் சேர்ந்திருக்கிறது. வீடு துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். மாடித் தோட்டத்துத் தொட்டிகளுக்கு மட்டும் ஊற்றாதீர்கள். தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதே என்பீர்கள். ஓட்டை இருக்கிறது, மாடி நனையுமே என்று, அந்த ஓட்டை வழியே வடிகிற அளவுக்கு நாம் தண்ணீர் ஊற்றுவதில்லை.